டவர் ஃபுல்லா இருக்கு, நெட் வரலை

திருவல்லிக்கேணி மேன்ஷன்களுக்கு ஒரு பொது அமைப்பு உண்டு. நடுவில் நீண்ட நடை, இரு பக்கமும் வரிசையாகக் கதவுகள், தெருவைப் பார்த்த அறைகளுக்கு மட்டும் ஒழுங்கான ஜன்னல். மற்ற அறைகளின் ஜன்னல் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் தெரியும். ஓஎம்ஆர் ஓரத்து பி.ஜி.க்கள் புதியவை, டைல்ஸ் பதித்தவை. ஆனால் அங்கேயும் ஒரு பெரிய ஹாலை மூன்றாகத் தடுத்து, நடு அறையை யார் தலையிலாவது கட்டிவிடுவார்கள். இப்படிப்பட்ட அறைகளில் இரவு பத்து மணிக்கு அடிக்கடி காதில் விழும் வாக்கியம்: "டவர் ஃபுல்லா இருக்கு மச்சான், நெட்தான் வரலை."

போனின் மேல் மூலையில் நாலு கோடும் நிமிர்ந்து நிற்கும். கீழே வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று முடிவு கட்டிவிட்டுப் படுத்துவிடலாம். ஆனால் அந்தக் கோடுகளும் பொய் சொல்லவில்லை, நெட் வராததும் பொய்யில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதற்கு ரேடியோ அலைகளின் இயல்பிலேயே காரணம் இருக்கிறது.

ஊரில் வீடு இருப்பவர்கள் ஃபைபர் இணைப்பு வாங்கிக்கொள்கிறார்கள். வெளியூரில் ஒற்றை அறையில் இருப்பவருக்கு அது அவ்வளவு லேசில்லை. கேபிள் இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், முகவரிச் சான்று வேண்டும், ஆறு மாதத்தில் அறை மாறினால் எல்லாம் முதலிலிருந்து. சிம் கார்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆதாரைக் காட்டி வாங்கி, ரீசார்ஜ் செய்து, எந்த அறைக்கு மாறினாலும் பையில் போட்டுக்கொண்டு போகலாம். அதனால் படிக்க வந்தவர், வேலைக்கு வந்தவர், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர் எல்லோருக்கும் கைபேசியே மோடம், அதுவே ரவுட்டர், அதுவே டிவி. ஒரு கட்டடத்தில் நூறு பேர் இருந்தால் நூறு இணைப்புகள். அத்தனையும் ஒன்றிரண்டு டவர்களை நம்பி இருக்கின்றன.

முதலில் கோடுகளைப் பார்ப்போம். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதற்கு உலகப் பொது விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனக்குத் தோன்றியபடி வைத்துக்கொள்கிறார். 2010 ஜூலையில் ஆப்பிள் நிறுவனமே, ஐபோனில் கோடு கணக்கிடும் சூத்திரம் முற்றிலும் தவறு, பல நேரம் காட்ட வேண்டியதைவிட இரண்டு கோடு கூடுதலாகக் காட்டிவந்தோம் என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. உண்மையான அளவு டிபிஎம் என்ற அலகில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் சிம் நிலை என்ற பக்கத்தில் பார்க்கலாம். பல போன்களில் *#*#4636#*#* என்று டயல் செய்தாலும் வரும். எண் மைனஸில் இருக்கும். 4ஜியில் மைனஸ் 80 என்றால் அருமை, மைனஸ் 100 என்றால் சுமார், மைனஸ் 115 என்றால் இணைப்பு இதோ அதோ என்று ஊசலாடும்.

இந்த அளவில் பத்து எண் இறங்கினால் திறன் பத்தில் ஒரு பங்காகிறது. இருபது இறங்கினால் நூறில் ஒரு பங்கு. மைனஸ் 100 டிபிஎம் என்பது ஒரு வாட்டை பத்து லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துணுக்கு. அந்தத் துணுக்கிலிருந்துதான் போன் ஒரு முழுப் படத்தை எடுத்துக் காட்டுகிறது. இவ்வளவு நொய்ந்த அலை வேலை செய்வதே எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ஆனால் சிக்னலின் வலு வேறு, வேகம் வேறு. இந்த வேறுபாட்டுக்குக் கணக்கு வடிவம் கொடுத்தவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த கிளாட் ஷானன். 1948இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, ஒரு தடத்தில் நொடிக்கு எவ்வளவு தகவல் போகும் என்பது இரண்டைப் பொறுத்தது: அலைக்கற்றையின் அகலம் ஒன்று, இரைச்சலைவிட சிக்னல் எத்தனை மடங்கு பெரிது என்பது மற்றொன்று. அகலத்தை இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கிறது. சிக்னலை இரட்டித்தால் அப்படி நடப்பதில்லை. மடக்கைக் கணக்கில் கொஞ்சமாகத்தான் ஏறுகிறது. இரைச்சலைப் போல் மூன்று மடங்கு சிக்னல் இருந்தால் ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் நொடிக்கு 2 பிட். அதையே 4 பிட் ஆக்க வேண்டுமானால் சிக்னல் பதினைந்து மடங்காக வேண்டும்.

இதை நம் அறைக்குள் கொண்டுவந்து பார்ப்போம். 5 மெகாஹெர்ட்ஸ் அகலமே உள்ள தடம், சிக்னல் இரைச்சலைப் போல் 15 மடங்கு: உச்சவரம்பு 20 மெகாபிட். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத் தடம், சிக்னல் வெறும் 3 மடங்கு: உச்சவரம்பு 40 மெகாபிட். சிக்னல் ஐந்தில் ஒரு பங்குதான், வேகமோ இரு மடங்கு. அதாவது கோடு குறைவாகக் காட்டும் தடம் வேகமாக ஓடலாம். கோடு நிறைந்த தடம் தவழலாம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. இந்தியாவில் 4ஜி பல அலைவரிசைகளில் ஓடுகிறது. 850, 900 மெகாஹெர்ட்ஸ் கீழ்த்தட்டு. 1800, 2100 நடுத்தட்டு. 2300, 2500 மேல்தட்டு. கீழ்த்தட்டின் அலைநீளம் ஓர் அடிக்கு மேல், சுமார் 33 சென்டிமீட்டர். இத்தகைய நீண்ட அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு கடந்து உள்ளே வரும். 2300இன் அலைநீளம் 13 சென்டிமீட்டர். கான்கிரீட்டில் அதிகம் தேய்ந்துபோகும். சுவரின் கனத்தையும் உள்ளே ஓடும் கம்பியையும் பொறுத்து ஒரு கான்கிரீட் சுவர் 10, 20 டெசிபல் வரை (டிபிஎம் கணக்கில் 10, 20 எண்) விழுங்கிவிடும். வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி, ஓஎம்ஆர் கட்டடங்களில் நிறையப் பார்க்கலாம், அது பார்வைக்கு வழிவிட்டு ரேடியோ அலையை மறித்துவிடும். தகரக் கூரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், சுவர் தாண்டி வரும் கீழ்த்தட்டு அலைக்கற்றை குறுகலானது. ஒரு நிறுவனத்திடம் 5 அல்லது 10 மெகாஹெர்ட்ஸ் இருந்தால் பெரிது. அகலமான கற்றையெல்லாம் மேல்தட்டில்தான் கிடைக்கிறது. ஜன்னலோரம் போன் 2300ஐப் பிடித்துக்கொண்டு நன்றாக ஓடும். உள் அறைக்குப் போனதும் அது மங்க, போன் தானாகவே 900க்குத் தாவுகிறது. அங்கே சிக்னல் பலம், கோடுகள் நிமிர்கின்றன. ஆனால் அந்தத் தெருவில் உள் அறையில் இருக்கிற எல்லோருடைய போனும் அதே குறுகிய தடத்துக்குத்தான் தாவியிருக்கிறது. டவர் ஃபுல், நெட் இல்லை.

மொட்டை மாடிக்குப் போனால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பல நேரம் ஆகும். சில நேரம் மோசமாகும். இதற்கும் ஒரு பழைய கதை உண்டு. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் ஓர் உள்குறிப்பு எழுதினார். ஊரை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்த திறனுள்ள ஒரு நிலையத்தை வைத்தால், ஒரே அலைவரிசையைத் தள்ளியிருக்கும் கட்டத்தில் மீண்டும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். செல்போனில் இருக்கும் 'செல்' அந்தக் கட்டம்தான். பழைய அமைப்புகளில் அடுத்தடுத்த கட்டங்களுக்கு வேறு வேறு அலைவரிசை கொடுத்தார்கள். 4ஜியில் அந்த இடைவெளியையும் எடுத்துவிட்டார்கள். பக்கத்து டவரும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. தரைத்தளத்தில் கட்டடங்கள் மறைப்பதால் ஒரு டவர் மட்டும் கேட்கும். மாடி உச்சியில் நாலைந்து டவர்கள் ஒரே நேரத்தில் கேட்கும். நமக்கு வேண்டியது ஒன்று. மீதி எல்லாம் இரைச்சல். ஷானன் சொன்ன விகிதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

இனி கூட்டத்தின் பங்கு. 4ஜி டவர் தன் அலைக்கற்றையை 180 கிலோஹெர்ட்ஸ் அகலத் துண்டுகளாக நறுக்குகிறது. 20 மெகாஹெர்ட்ஸில் நூறு துண்டு. ஒவ்வொரு மில்லிநொடியும், அதாவது நொடிக்கு ஆயிரம் முறை, எந்தத் துண்டு யாருக்கு என்று புதிதாக முடிவு செய்கிறது. பந்தியில் பரிமாறுகிறவர் யார் இலை காலி, யார் இப்போதுதான் உட்கார்ந்தார் என்று பார்த்துக்கொண்டே நகர்வதுபோல, டவரின் நிரலும் இரண்டைப் பார்க்கிறது: இந்த நொடியில் யாருக்கு அலை தெளிவாக இருக்கிறது, இதுவரை யாருக்குக் குறைவாகக் கிடைத்திருக்கிறது. அலை தெளிவாக இருப்பவருக்கு ஒரு துடிப்பில் 6 பிட், 8 பிட் என்று அள்ளி வைக்கலாம். மங்கலாக இருப்பவருக்கு அதே இடத்தில் 2 பிட்தான் வைக்க முடியும். ஆகவே ஒரே பாட்டை இறக்க, உள் அறைக்காரருக்கு மூன்று நான்கு மடங்கு துண்டுகள் செலவாகின்றன. அவர் தாமதப்படுவதோடு மற்றவர்களையும் தாமதப்படுத்துகிறார். ஜன்னலோரம் நகர்ந்தால் பக்கத்து அறைக்காரருக்கும் அது உபகாரம்.

20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி தடத்தின் ஏட்டு உச்சம், இரண்டு ஆன்டெனா வைத்து, நொடிக்கு 150 மெகாபிட். விளம்பரத்தில் வருவது இந்த எண்தான். உண்மையில் தூரத்தில் இருப்பவர், சுவருக்குள் இருப்பவர் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் டவரின் ஒரு முகம் (ஒரு திசையைப் பார்த்த ஆன்டெனா) தருவது அதில் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோதான். நாற்பது மெகாபிட் என்று வைத்துக்கொண்டாலும், இரவு பத்து மணிக்கு நாற்பது பேர் வீடியோ பார்த்தால் ஆளுக்கு ஒன்று. காலை ஏழு மணிக்கு அதே அறையில் அதே போன் பறக்கும்.

2022 அக்டோபர் 1 அன்று இந்தியாவில் தொடங்கிய 5ஜி இந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் கலைத்திருக்கிறது. 3300 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் நூறு மெகாஹெர்ட்ஸ் அகலக் கற்றை, பல டஜன் சிறு ஆன்டெனாக்களால் அலையை ஆள் இருக்கும் திசைக்கு ஒடுக்கி அனுப்பும் உத்தி, இரண்டும் சேர்ந்து நிறைய இடம் தந்தன. ஆனால் அலைநீளம் வெறும் 9 சென்டிமீட்டர். நடு அறைக்கு அது எட்டிப் பார்ப்பதோடு சரி.

இவ்வளவு நேரம் டவரிலிருந்து போனுக்கு வரும் பாதையைப் பேசினோம். எதிர்ப்பாதையைப் பலரும் யோசிப்பதே இல்லை. டவர் ஒரு தடத்துக்கு 40 வாட் வரை செலவிடும். போன் அதிகபட்சம் 0.2 வாட், பேட்டரிக்கும் உடம்புக்கும் அதுதான் தாங்கும். இருநூறு மடங்கு வித்தியாசம். டவரின் குரல் நமக்குக் கேட்கும், நம் குரல் டவருக்குக் கேட்காது. ஊருக்கு வீடியோ கால் போட்டால் வீட்டுக் கூடம், பின்னால் ஓடும் சீரியல், அம்மா முகம் எல்லாம் தெளிவாகத் தெரியும். அம்மாவோ, "என்னடா அப்படியே நிக்கிற, பேசுடா" என்பார். அவருக்கு இங்கிருந்து போகும் படம்தான் உறைந்திருக்கிறது. சிலர் அவரிடம் "உன் பக்கம் நெட் சரியில்லம்மா" என்று சொல்லி, பாவம், அவரைத் தெருவாசலுக்கு நடக்க வைக்கிறார்கள். நகர வேண்டியது இந்தப் பக்கம் இருப்பவர்.

அலை மங்க மங்க போன் தன் 0.2 வாட்டையும் முழுசாகக் கொட்டிக் கத்துகிறது. உள் அறையில் பேட்டரி வேகமாகத் தீர்வதற்கும் போன் சுடுவதற்கும் அது ஒரு காரணம்.

லேப்டாப்பில் வேலை செய்பவர்கள் ஹாட்ஸ்பாட் போடுகிறார்கள். அப்போது பாதை இரண்டாகிறது: டவரிலிருந்து போன், போனிலிருந்து லேப்டாப். பெரும்பாலோர் போனை லேப்டாப்பை ஒட்டி வைக்கிறார்கள். இது தலைகீழ். இரண்டாவது பாதை சில அடி தூரம்தான், அதற்கு வலு மிச்சம் இருக்கிறது. திண்டாடுவது முதல் பாதை. போன் டவரைப் பார்த்த ஜன்னலில் இருக்கட்டும், லேப்டாப் கட்டிலில் இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே மூன்று. மேன்ஷன் முழுக்க ஹாட்ஸ்பாட் ஓடும்போது அங்கே நெரிசல்தான். ஒரே அறைக்குள் என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுவது மேல். இன்னும் நல்லது யுஎஸ்பி கேபிள்: நெரிசலும் இல்லை, சார்ஜும் ஏறும். ஒரு எச்சரிக்கை, மே மாத வெயில் விழும் ஜன்னல் கட்டையில் வைத்தால் போன் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

ஹாட்ஸ்பாட்டில் இன்னொரு கண்ணுக்குத் தெரியாத செலவு உண்டு. லேப்டாப் அதை வீட்டு வைஃபை என்றே நினைக்கிறது. விண்டோஸ் அப்டேட், போட்டோ பேக்கப் எல்லாவற்றையும் தாராளமாக இறக்கத் தொடங்கும். வைஃபை அமைப்பில் 'மீட்டர்டு கனெக்ஷன்' என்று குறித்துவிட்டால் அடங்கும். இல்லாவிட்டால் ஒன்றரை ஜிபி தினசரி பேக் காலைக் காபிக்குள் முடிந்து, வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். அதாவது நொடிக்கு 8 கிலோபைட். நாலு எம்பி போட்டோ ஒன்று வர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். தொண்ணூறுகளின் இறுதியில் தொலைபேசி மோடத்தில் கீச்சுக்குரலோடு கிடைத்த வேகம் ஏறக்குறைய இதுதான். இந்தக் கடிவாளத்தைப் போடுவது டவர் இல்லை, நிறுவனத்தின் மைய வலையமைப்பு. ஆகவே ஜன்னல், மாடி, ஏரோப்ளேன் மோடு எதுவும் இங்கே செல்லாது. நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டும், இல்லை டேட்டா பூஸ்டர் பேக் போட வேண்டும்.

சரி, எங்கே மாறினாலும் சிம் கூடவே வரும் என்றோமே, மதுரையில் வாங்கிய சிம்மை பெங்களூரு டவர் எப்படி அடையாளம் காண்கிறது? சிம்முக்குள் அதிகபட்சம் 15 இலக்கம் கொண்ட ஓர் எண் இருக்கிறது. நம் போன் நம்பர் வேறு, இது வேறு. முதல் மூன்று இலக்கம் நாடு: இந்தியாவுக்கு 404, 405. அடுத்தவை நிறுவனத்தையும் தொலைத்தொடர்பு வட்டத்தையும் சொல்லும். அதைப் பார்த்ததும் பெங்களூரு வலையமைப்பு, சிம்மின் தாய் வலையமைப்பிடம் விசாரிக்கிறது. சிம்முக்குள்ளும் தாய் வலையமைப்பிலும் மட்டும் 128 பிட் நீள ரகசிய எண் ஒன்று இருக்கிறது. அந்த எண் ஒருபோதும் காற்றில் பயணிப்பதில்லை. தாய் வலையமைப்பு ஏதோ ஓர் எண்ணை எடுத்து, ரகசிய எண்ணோடு கலந்து விடையைக் கணக்கிட்டு, கேள்வியையும் விடையையும் பெங்களூருக்கு அனுப்புகிறது. பெங்களூரு டவர் கேள்வியை மட்டும் சிம்மிடம் கேட்கிறது. சிம் தன் ரகசியத்தோடு கலந்து விடை சொல்கிறது. இரண்டும் பொருந்தினால் உள்ளே வரலாம். ரகசியம் பெங்களூருக்கும் தெரியாது, நடுவில் ஒட்டுக்கேட்பவருக்கும் தெரியாது. 2ஜியில் சிம் மட்டும்தான் தன்னை நிரூபித்தது. போலி டவர் வைத்து ஏமாற்ற இடமிருந்தது. 3ஜியிலிருந்து டவர் பக்கமும் தன்னை சிம்மிடம் நிரூபிக்க வேண்டும்.

கடல் தாண்டினால் வேறொரு சிக்கல். ஊர் சிம்மோடு லண்டனில் இறங்கி ரோமிங்கில் நெட் போட்டால், வழக்கமாக அந்தத் தகவல் லண்டனிலேயே இணையத்துக்குள் நுழைவதில்லை. ஒரு சுரங்கப் பாதையில் இந்தியாவுக்கு வந்து, இங்குள்ள வாசல் வழியாகத்தான் வெளியே போகிறது. சென்னை லண்டன் தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர். லண்டனில் பக்கத்துத் தெருக் கடையின் இணையதளத்தைத் திறக்க, நம் கோரிக்கை இந்தியா வந்து லண்டன் போகிறது, பதில் அதே வழியில் இந்தியா வந்து மறுபடி லண்டன் சேர்கிறது. நாலு பயணம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும் என்பதால் குறைந்தது 164 மில்லிநொடி தாமதம். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, ஆகவே நிஜத்தில் இன்னும் கூடும். எவ்வளவு பணம் கொட்டினாலும் ஒளியை விரட்ட முடியாது. சிங்கப்பூரோ துபாயோ லண்டனோ, நாலு நாளுக்கு மேல் தங்குகிறவர் உள்ளூர் சிம்மில் டேட்டாவை வைத்துக்கொண்டு, ஊர் சிம்மை வங்கி ஓடிபிக்காக மட்டும் இரண்டாவது இடத்தில் உயிரோடு வைத்திருப்பதே புத்திசாலித்தனம்.

உள்ளூரிலேயே அறை தேடுகிறவருக்கு இந்த இயற்பியல் ஒரு வேலைக்கு நன்றாகப் பயன்படும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பகலில் ஒரு முறை, இரவு பத்து மணிக்கு ஒரு முறை அறையைப் போய்ப் பாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, கட்டில் போடப்போகும் இடத்தில் நின்று டிபிஎம் எண்ணையும் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரு வேளையும் டிபிஎம் ஒன்றாக இருந்து வேகம் மட்டும் இரவில் விழுந்தால் கூட்டம்தான் காரணம். வேறு நிறுவனத்தின் சிம் உதவும். ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே இருபது எண் வித்தியாசம் என்றால் சுவர்தான் காரணம். அதே வாடகைக்குத் தெருப்பக்க அறை கிடைக்குமா என்று கேளுங்கள். (வேகச் சோதனையை ஓயாமல் போடாதீர்கள். 5ஜியில் ஒரே சோதனை சில நூறு எம்பியைத் தின்றுவிடும்.) வீட்டுக்கு ஒரு வீடியோ கால் போட்டு, உங்கள் முகம் அங்கே எப்படித் தெரிகிறது என்று அவர்களையே கேளுங்கள்.

பக்கத்து அறைகளில் எல்லோரும் என்ன சிம் வைத்திருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். எல்லோரும் வைத்திருப்பதே நல்லது என்று முடிவு செய்துவிடாதீர்கள். எல்லோரும் வைத்திருப்பதாலேயே அது இரவில் திணறலாம். வேறு நிறுவனம் சரிவரும் என்று தோன்றினாலும் உடனே பழைய நம்பரை போர்ட் செய்ய வேண்டாம். குறைந்த விலை ப்ரீபெய்டு சிம் ஒன்றை வாங்கி இரண்டாவது இடத்தில் போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். 2015 ஜூலை முதல் நாட்டின் எந்த வட்டத்துக்கும் நம்பரை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றலாம். ஆனால் ஒருமுறை போர்ட் செய்துவிட்டால் அடுத்த 90 நாட்களுக்கு மறுபடி போர்ட் செய்ய முடியாது.